கிடேரியின் தாடை வலி

கொம்பு முளைக்கும் வயதில் ஓர் எருமைக் கிடேரிக்குத் தாடை மூட்டில் வலி வந்தது. அசைபோட முடியாமல் விலா எலும்பு தெரிய இளைத்துப்போனது. தாய் எருமை அதை வைத்தியம் தெரிந்த கொக்கிடம் கூட்டிப்போனது.

“எந்தப் பக்கம் வலிக்குது கண்ணு?” என்று கொக்கு கிடேரியைக் கேட்டது.

“இடது பக்கம் டாக்டர்” என்றது தாய்.

“வாயைத் திறக்கும்போது சத்தம் கேக்குதா?”

“எனக்கே கேக்குது டாக்டர்” என்றது தாய்.

கொக்கு வெயிலில் சுட்ட கூழாங்கல்லை அலகில் கவ்வி, இடது தாடைக்கு ஒத்தடம் கொடுத்தது. மெல்ல நீவியும் விட்டது. மூன்று வாரமாகியும் வலி குறையவில்லை.

“இவ எதையும் ஒழுங்கா செய்ய மாட்டா டாக்டர்” என்றது தாய்.

கொக்கு புதிதாக ஒரு பயிற்சி சொன்னது. “வாயை மூடணும், பல்லோடு பல் படக் கூடாது. நாக்கு மேலண்ணத்துல ஒட்டியிருக்கணும். நான் நூறு எண்ணுற வரைக்கும் அப்படியே இருக்கணும்.”

“இவளுக்குப் புரியாது. நானே செஞ்சு காட்டுறேன்” என்று தாய் வாயை மூடிக்கொண்டது.

கொக்கு எண்ணத் தொடங்கியது. நாற்பதைத் தாண்டியபோது கிடேரி தாயை ஒருமுறை பார்த்துவிட்டு மெல்ல வாயைத் திறந்தது.

“டாக்டர், எனக்கு வலது பக்கம்தான் வலிக்குது.”