அக்காவுக்கு ஒரு போன்

ஆபீஸ் மொத்தமும் கொல்கத்தா நியூ டவுனிலிருந்து திகா கடற்கரைக்குச் சுற்றுலா வந்திருந்தது. மீன் காட்சிசாலை, மோகனா மீன் சந்தை, பக்கத்திலிருக்கும் உதய்பூர் கடற்கரை என்று காலையிலிருந்து சுற்றியாயிற்று. எங்கே போனாலும் ஸ்மிதா, அர்ணபுக்கு இரண்டடி பின்னாலேயே நின்றாள். பேச மட்டும் வாய் வரவில்லை. திங்கட்கிழமை அவன் புனே கிளைக்கு மாற்றலாகிப் போகிறான்.

பழைய திகாவின் கரைக் கற்களில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். ஸ்மிதா பக்கத்தில் போய் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தாள். கொல்கத்தாவில் அடுத்தவருக்குத் தெரியாமல் பேச, அவள் வீட்டில் எல்லோருக்கும் தமிழ்தான்.

"அக்கா, பக்கத்துலதான் இருக்கான். பயப்படாதே, பெங்காலிக்கு என்ன புரியும்? இத்தனை பீச் பார்த்தாச்சு, என் கண்ணுல இவன் மட்டும்தான். ஆனா வாயைத் திறந்தா 'அர்ணப்தா'ன்னு அண்ணனாக்கிடறேன்! எப்படிக்கா சொல்றது?"

அர்ணபின் கையிலிருந்த ஜால்முரி மசாலாப் பொரிப் பொட்டலம் நழுவிக் கடலில் விழுந்தது.

"அதான் சொல்லிட்டீங்களே," என்றான் தமிழில். "நான் பத்து வருஷம் அடையாறுல வளர்ந்தவன்."

"ஐயோ!" ஸ்மிதா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"போனைக் குடுங்க. எனக்கும் அதே கதைதான்னு அக்காகிட்ட நானே சொல்றேன்."

வாங்கிப் பார்த்தான். போன் அணைந்து கிடந்தது.

"போன வாரம் லிஃப்டுல நீங்க தமிழ்ல போன் பேசினதைக் கேட்டேன்," என்றாள் ஸ்மிதா, விரலிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே. "எனக்கு அக்காவே கிடையாது."