பவுடர் ரூம்

சாத்தூரில் பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களுக்கான நுரையீரல் முகாம். மாரிக்கண்ணன் குழாயில் ஊதி முடித்ததும் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"பலூன்கூட ஊதத் தெரியாத மனுசன், டாக்டர்" என்று அவன் மனைவி வேல்விழி சிரித்தாள். "நான் ஊதுனதைப் பார்த்தீகல்ல?"

"உங்களுக்கு நல்லா இருக்கும்மா. இவர் பீடி குடிப்பாரா?"

"ஊதுபத்தி கொளுத்துனாலே வெளிய போயிருவாக."

"அப்ப உலோகத் தூசிதான். பட்டாசு மருந்து கலக்குற பவுடர் ரூம்ல எத்தனை வருசமா வேலை பார்க்கிறீங்க, மாரிக்கண்ணன்?"

மாரிக்கண்ணன் இருமிக்கொண்டே மனைவியைக் கைகாட்டினான். "நான் டீக்கடை வச்சிருக்கேன், சார். பவுடர் ரூமுக்குப் போறது இவதான்."

"நான் மாஸ்க் இல்லாம உள்ள நுழைய மாட்டேன்" என்றாள் வேல்விழி பெருமையாக.

டாக்டர் சற்று யோசித்தார். "வேலைக்குக் கட்டிட்டுப் போற சேலையை யாரும்மா துவைக்கிறது?"

அவள் சிரிப்பு நின்றது.

"இவுகதான். நான் அலுத்து வாரேன்னு, தெனமும் பவுடர் போக உதறி, துவைச்சுப் போடுவாக."

பையிலிருந்து புது மாஸ்க் ஒன்றை எடுத்து அவன் காதுகளில் மாட்டினாள். "இனிமே அந்தச் சேலையைத் தொடாதீக. நானே நனைச்சுத் துவைச்சுக்கிறேன்."

மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இப்படிச் சொல்லுவன்னு தெரிஞ்சிருந்தா, எப்பவோ வந்து ஊதியிருப்பேனே."