வெளியே வந்து நிற்கும் ராஜா

அரியலூர் வாசகசாலையில் சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டம். யுத்தம் முடிந்த மறுவருஷம், 1946 சித்திரை. கூரைக் கண்ணாடி வழியாக இறங்கும் மூன்று மணி வெயில் பலகையின் நடுவில் கிடக்கிறது. ஏலாக்குறிச்சி வாத்தியார் மரியசூசை எதிராளியின் கையையே பார்த்தபடி இருக்கிறார். போன மாதம் மலேயாவிலிருந்து கப்பலில் திரும்பிய கலியபெருமாள், ஆட்டம் தொடங்குமுன் தன் இரண்டு குதிரைகளின் முகத்தையும் ராஜாவைப் பார்க்கத் திருப்பி வைக்கிறான். ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுகிறான். அடுத்ததாக, நாட்டு முறையில் ராஜாவுக்கு ஒரே ஒரு தடவை உண்டான குதிரைப் பாய்ச்சலை அப்போதே ஆடிவிடுகிறான். ராஜா தன் சிப்பாய்களைத் தாண்டித் தனியே வெளியே வந்து நிற்கிறது. வாத்தியார் பலகையை நோக்கிக் குனிகிறார். அவருக்குத் தெரிந்து இப்படித் தொடங்குகிறவன் ஒருவன்தான். மலேயாவுக்குப் போய் ஐந்து வருஷமாகக் கடுதாசி போடாத தம்பி இன்னாசி.

“இத எங்க கத்துக்கிட்டீங்க?”

“சப்பான்காரன் புடிச்சுட்டுப் போயி சயாம்ல ரயில் பாதை போட வச்சப்ப, கூட இருந்தவரு சொல்லிக் குடுத்தாருங்க. அங்க எல்லாருக்கும் நம்பர்தான், பேரு தெரியாது. மண்ணுல கட்டம் கீறி ஆடுவோம்.” கலியபெருமாள் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இத மடக்க ஒரே வழிதான் இருக்காம். அது அவரு அண்ணனுக்கு மட்டுந்தான் தெரியுமாம். ஊருக்குப் போயி கேட்டுச் சொல்றேன்னாரு. காய்ச்சல்ல போயிட்டாரு. நீங்க ஆடுங்க சார்.”

ஸ்டேஷனில் வண்டி ஊதுகிறது. பலகை லேசாக அதிர்கிறது. மரியசூசை தன் குதிரையை எடுத்து, வெகுநேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, அந்த ராஜாவை மடக்கும் ஒரே கட்டத்தில் வைக்கிறார்.

கலியபெருமாள் முதல் தடவையாகத் தலைநிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறான்.