நேரடி அனுபவம்

சென்னை நாளிதழ் ஒன்று தன் இணையதளத்தில் ஒரு கருத்து வலைப்பூ தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. எழுதுபவன் செல்வின். கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படம், அதன் கீழே கருத்து. இதுவரை பதினேழு பதிவுகள்.

அதே பதினேழும், எழுத்து மாறாமல், 'கூடைக்காரி' என்ற பெயரில் யாரோ நடத்தும் வலைப்பூவிலும் இருந்தன. திருட்டு என்று நாளிதழ் புகார் கொடுத்தது. போலீஸ் தேடிப் பிடித்ததில், கூடைக்காரி என்பது பண்ணைப்புரம் பக்கம் திராட்சைக் குலை வெட்டும் அய்யம்மாள்.

ஆய்வாளர் ஜெபஷீலா இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்.

"வலைப்பூவை மூடணும், ஆளை உள்ள வைக்கணும் மேடம்," என்றான் செல்வின். "எழுத்துக்கூட்டத் தெரிஞ்சவங்க எல்லாம் எழுத வந்துட்டாங்க. எங்ககிட்ட ஆசிரியர் குழு இருக்கு, பொறுப்பு இருக்கு."

அய்யம்மாள் அவனைப் பார்த்தாள். "பேப்பர்ல 'கூறப்படுகிறது', 'தெரிகிறது'ன்னுதான தம்பி போடுவீக. இதுல பூராம் நான், நான்னு இருக்கே?"

"அதுதான் வலைப்பூ நடை. நேரடி அனுபவம். உங்களுக்குப் புரியாது."

"வந்தாக, போனாகன்னு மெட்ராஸ்லயும் பேச ஆரம்பிச்சுட்டாகளா?"

"மண்வாசனைக்காகச் சேர்க்கிறது."

"குலை வெட்டி இடுப்பு விட்டுப்போச்சுன்னு எழுதியிருக்கீக. யாரு இடுப்பு தம்பி?"

ஏட்டு சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"இவங்க பதிவெல்லாம் உங்களதுக்கு ரெண்டு நாள் முந்தின தேதியில இருக்கே சார்?" என்றார் ஜெபஷீலா.

"தேதியை யார் வேணா மாத்தலாம் மேடம். அத்தனையும் நானே நேர்ல போய், நானே செஞ்சு, நானே எழுதினது. ஒரு வரி இரவல் கிடையாது."

"அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

கொடுத்தான். நாளிதழின் முத்திரையையும் குத்தினான்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றிய பதினேழு பதிவுகள். அய்யம்மாள் செல்போனில் அவற்றை ஒருமுறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"அவுக எழுதுனதுதேன் தாயி. படிச்சவுக. நான் ஆசைப்பட்டு எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

எல்லோர் முன்னாலும் வலைப்பூவை அழித்தாள். செல்வினிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"பாவம், விட்டுருங்க மேடம். பெரிய பத்திரிகைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா," என்று செல்வின் பெருந்தன்மையோடு புகாரைத் திரும்பப் பெற்றான். அய்யம்மாள் கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறப் போனாள்.

செல்வினும் எழுந்தான்.

"நீங்க உக்காருங்க சார். இந்த ஆளைத்தான் ஒரு மாசமாத் தேடிக்கிட்டிருக்கோம்," என்ற ஜெபஷீலா, அவனுடைய பதினோராம் பதிவின் கடைசி வரியை நிறுத்தி வாசித்தார்:

"'எங்க தெருத் தண்ணியைத் திருடுன முதலாளியோட மோட்டாரைச் சம்மட்டியால உடைச்சு வாய்க்கால்ல தள்ளுனது நான்தேன்.'"