பதினோராம் கட்டிலின் வலி

"சிஸ்டர், மறுபடியும் வலிக்குது!"

பதினோராம் கட்டிலிலிருந்து ராஜாத்தியின் குரல். ஜெயமணிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஒரு நாளைக்கு நாலு தடவை வரை மருந்து ஏற்றலாம் என்று டாக்டர் எழுதிவைத்தாலும் வைத்தார், இந்த அம்மா ஒன்றைக்கூட விடுவதில்லை.

ஜெயமணி ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. இன்னொரு நர்ஸ் லீவு என்பதால் காலை ஆறு மணியிலிருந்து ஒற்றை ஆளாக அலைகிறாள். பாதம் இரண்டும் வீங்கிக் கிடந்தன. போன தடவை கரு கலைந்தபோதே, "ரொம்ப நேரம் நிக்காதம்மா" என்று டாக்டர் சொன்னார். இந்த ஓசூர் ஆஸ்பத்திரி மேட்ரனுக்கோ நர்ஸ் உட்கார்ந்தால் பொறுக்காது. டெம்பரவரி வேலை, வாயைத் திறக்கவும் முடியாது.

ராஜாத்திக்கு சிப்காட் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. பன்னிரண்டு வருஷமாக நின்ற இடத்திலேயே நிற்கிற வேலை. நூற்றுப் பத்து கிலோ உடம்பைக் குறைக்க வயிற்றைச் சுருக்கி ஆபரேஷன் செய்து நாலு நாளாகிறது. தையலுக்குப் பக்கத்தில் சன்னமான குழாய். அதன் வழியாக மரத்துப்போகிற மருந்தை ஏற்றிவிட்டு, கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்க்க வேண்டும்.

குழாயை எடுத்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். நேற்று டாக்டர் கேட்டதற்கு, "ஐயோ, இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுங்க" என்றுவிட்டாள்.

"எனக்குந்தான் வயித்த அறுத்தாங்க, நான் கத்தறனா?" என்றாள் பக்கத்துக் கட்டில் முனவர் பேகம்.

ஜெயமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவசரமில்ல கண்ணு, மெதுவா ஏத்து."

"எனக்கு வேற வேலையே இல்லையாக்கா?"

மருந்து ஏறியது. "அப்பாடா, இப்பத்தான் உசிரு வந்துச்சு" என்றாள் ராஜாத்தி.

கால் மணி கழித்து எழுந்தபோதுதான் கட்டுத்துணி சொதசொதவென்று நனைந்திருப்பதை ஜெயமணி பார்த்தாள். பிரித்தால், குழாய் நழுவி வெளியே கிடந்தது. காலையிலிருந்து ஏற்றிய மருந்தெல்லாம் பஞ்சுக்குத்தான் போயிருக்கிறது.

மேட்ரனுக்குத் தெரிந்தால் வேலை போச்சு. அது கிடக்கட்டும், பாவி, வலியில் துடித்தவளிடம் போய் எரிந்து விழுந்தோமே!

"மன்னிச்சுக்கங்கக்கா" என்றாள், கண் கலங்க. "காலையிலிருந்து ஒரு சொட்டுகூட உள்ள போகல. எப்படிக்கா தாங்கினீங்க?"

ராஜாத்தி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"எனக்கு வலியே இல்ல கண்ணு. நீ கொஞ்சம் ஒக்காரட்டுமேன்னுதான்."