நிறுவை தப்பாத கண்டாக்கு

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீஸில் லினக்ஸ் கணினி இடமில்லாமல் திணறியது.

"யாரோ சினிமாப் படமா ஏத்தி வச்சிருக்காங்க. ஆளு புடிபட்டா நாளையில இருந்து வேலை இல்ல" என்று சொல்லி, வேலையாட்களை மேற்பார்க்கும் கண்டாக்கு மரியதாஸைத் தோட்டத்துத் துரை அனுப்பிவைத்தார்.

"இருபது வருசமாக் கொழுந்து நிறுக்கிறவன் நானு. என்கிட்ட நிறுவை தப்பாது. லிஸ்டப் போடு புள்ள!"

ஆபீஸ் கணினியைப் பார்த்துக்கொள்ளும் சுலக்ஷனா பட்டியலைத் திரையில் வரவழைத்தாள். கண்டாக்கு விரல் வைத்து வாசித்தார்.

"கிளாக்கரோட போல்டரு, நாலாயிரத்துச் சொச்சம் பைட். ஆபீஸ் பையன் கிஷாந்தோடதும் அதே. ஒன்னோடதும் அதே! அது எவ்வளவு புள்ள?"

"ரெண்டு பக்கக் கடிதாசி அளவுங்கய்யா."

"அப்ப கடைசியில இதென்ன, எழுபது கோடி?"

"அது போல்டர் இல்லீங்கய்யா. வெளியில தனியாக் கெடக்கிற ஒரு வீடியோ." அவள் தயங்கினாள். "ஒங்க மச்சினிச்சி கல்யாணம்."

கண்டாக்கு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அழிச்சிடு புள்ள. துரைகிட்ட மூச்சு விட்டுறாத."

அழித்தாள். "நீ தங்கமான புள்ள" என்று சொல்லிவிட்டு, கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அவர் நடையைக் கட்டினார்.

சுலக்ஷனா தன் போல்டரைத் திறந்தாள். நாற்பது சினிமாப் படங்களும் பத்திரமாக இருந்தன. திரையில் வந்த எண் போல்டருக்கு மட்டுமானது. உள்ளே கிடப்பது அதில் சேராது.

கொழுந்து பறிக்கும் அம்மாவின் நிறுவையில் கூடையின் எடைக்கென்று தினமும் ரெண்டு கிலோ வெட்டுகிற மனுஷன், இன்றைக்கு வெறும் கூடையை மட்டும் நிறுத்துவிட்டுப் போகிறார்!