அட்டைப்படத்து ஆள்

"அங்கிள், 'ஓம், நான்தான்' எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. நான் எழும்பிப் போயிடுறன்."

"தம்பி, நான் பாட்டுக்காரன் இல்லை. எத்தினை தரம் சொல்லுறது?" இராசரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

சோபாவில் இருந்த பெடியன் அசையவில்லை. மரியோ என்று பெயர் சொன்னான். ரெகே என்ற மேற்கிந்தியத் தீவுப் பாட்டுகளின் பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடிப்பதும், அவற்றில் பாடிவிட்டுக் காணாமல் போனவர்களின் வீட்டுக் கதவைத் தட்டுவதும்தான் அவனுடைய பைத்தியமாம். தமிழ்ப் பெடியன்தானே என்று கதவைத் திறந்தது இராசரத்தினம் விட்ட பிழை.

விருந்தாளிகளுக்கென்று மனைவி ரதி மேசையில் பரப்பி வைத்திருந்த வடைக்கும் பயற்றம் பணியாரத்துக்கும் நடுவில் அவன் கொண்டுவந்த இசைத்தட்டு கிடந்தது. அட்டையில் தலை நிறையச் சுருள்முடியும் சரித்து வைத்த தொப்பியுமாக ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டு நின்றான். கீழே 'பிரின்ஸ் லோர்னல்' என்று பெயர். முகம் மட்டும் இராசரத்தினத்தினுடையது.

"உங்கட சங்கத்துப் பேஸ்புக்கில பழைய படம் ஒண்டு கண்டன் அங்கிள். அதே முகம், அதே சிரிப்பு. இந்தத் தட்டு உலகம் முழுக்கத் தேடினாலும் அஞ்சாறுதான் மிஞ்சியிருக்கு."

"படம் நான்தான். பாட்டு நான் இல்லை. கனடாவுக்கு வந்த புதுசில எக்லின்டன் பக்கம் ஒரு ஸ்ரூடியோவில கிளீனிங் செய்தனான். அட்டைக்குப் படமெடுக்கிற நாளில பாடினவன் வரேல்லை. தும்புத்தடியோட நிண்ட என்னைப் பிடிச்சுத் தொப்பியை வைச்சு, சிரி எண்டாங்கள். சிரிச்சன். கதை அவ்வளவுதான்."

மரியோவின் முகம் மலர்ந்தது. "எல்லாரும் முதல்ல இப்பிடித்தான் மறுப்பினம் அங்கிள். கொம்பனிக்காரர் ஏமாத்தின கோபம். போன வருசம் ஒராள், தான் பிளம்பர் எண்டு சத்தியம் பண்ணினவர். பிறகு அழுதழுது மூண்டு பாட்டுப் பாடினார்."

"நான் அழவும் மாட்டன், பாடவும் மாட்டன்!"

"இவர் தேவாரம் தொடங்கினாலே ஐயர் மணியை அடிச்சுப் போடுவார் தம்பி," என்று குசினிக்குள் இருந்து ரதி சொன்னாள்.

"நீர் சும்மா இரும்!"

இராசரத்தினத்தின் கண் மணிக்கூட்டிலேயே இருந்தது. ஸ்ரௌவ்விலில் இருந்து அன்புராசா குடும்பம் மகள் நிலாணியைப் பெண் பார்க்க வந்துகொண்டிருந்தது. அன்புராசா லேசுப்பட்ட ஆள் இல்லை. வோபர்ன் கடைக்காரர் தொடக்கம் கோயில் ஐயர் வரை எல்லாரிடமும் கிண்டிக் கிளறி விசாரித்த பிறகே காலடி எடுத்து வைக்கிறார். ஒரு குறையும் அகப்படவில்லை என்று தரகர் வந்து சொன்னபோது இராசரத்தினம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். இந்த ஊரில் ஒருவரும் விரல் நீட்டாதபடி வாழ்ந்த மனிதர் அவர். இன்றைக்கென்று பார்த்துத் தொப்பி போட்ட கோலத்தில் நடுவீட்டில் கிடந்து இளிக்க வேண்டுமா?

"அங்கிள், உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கோ?"

"பாட்டுக்கும் சீனிக்கும் என்ன தொடர்பு?"

"சும்மா கேட்டன். பிறஷர்?"

"இருக்கு. நீர் வந்த பிறகு கூடியிருக்கு."

மரியோ போனில் எதையோ தட்டினான். பிறகு குனிந்து அவருடைய காதுகளை உற்றுப் பார்த்தான். "காதும் அச்சொட்டா இருக்கு," என்று முணுமுணுத்தான்.

"பாட்டுக்காரன் எண்டாத் தொண்டையைப் பார்க்கவேணும். காதை ஏன் பார்க்கிறீர்?"

"வெளியில என்ர காரில ஒராள் இருக்கிறா அங்கிள். அவவுக்கு இந்தக் குரல் எண்டா உயிர். தேடச் சொன்னதே அவதான். நீங்கள் இல்லையெண்டு கதவைச் சாத்திப் போடுவியள் எண்ட பயத்தில இறங்காமல் இருக்கிறா. உங்கட வாயால ஓமெண்டு ஒரு சொல்லு வந்தாக் காணும். வேற ஒண்டும் வேண்டாம்."

ரதி கரண்டியோடு வெளியே வந்தாள். "ஓமெண்டு சொல்லி அனுப்பி விடுங்கோவனப்பா! தேய்ஞ்சோ போயிடுவியள்?"

"பொய் சொல்லச் சொல்லுறீரோ? என்ர பரம்பரையிலயே..."

"அப்பா! அவையின்ர வான் திரும்புது!" மேல்மாடியில் இருந்து நிலாணி கத்தினாள்.

இராசரத்தினம் யன்னலால் பார்த்தார். வெள்ளி நிற வான் வண்டி ஒன்று வீட்டு இலக்கங்களைப் பார்த்துப் பார்த்து ஊர்ந்து வந்தது. திரும்பிப் பார்த்தார். பெடியன் சோபாவில் இன்னும் நன்றாகச் சாய்ந்திருந்தான்.

"ஓம்! நான்தான் பிரின்ஸ் லோர்னல்! படமும் நான்தான், பாட்டும் நான்தான். காணுமோ? உந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போம்!"

மரியோவின் கண்கள் கலங்கிவிட்டன. போனில் ஒரு சொல் தட்டினான். இசைத்தட்டை மார்போடு அணைத்தபடி சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

இராசரத்தினம் நீளமாக ஒரு மூச்சு விட்டார். சால்வையைச் சரிசெய்து, சிரித்த முகத்தோடு வாசலில் போய் நின்றார். வானில் இருந்து அன்புராசாவும் மனைவியும் பழத்தட்டோடு இறங்கினார்கள்.

அதே நேரம் மரியோவின் கார்க் கதவும் திறந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க கறுப்பினப் பெண் ஒருத்தி புல்தரைக்குக் குறுக்கால் ஓடி வந்தாள். அன்புராசாவையும் பழத்தட்டையும் விலத்திக்கொண்டு போய், இராசரத்தினத்தின் கழுத்தைக் கட்டிப்பிடித்து விம்மி விம்மி அழத் தொடங்கினாள்.

அன்புராசா நின்ற இடத்திலேயே நின்றார். "தம்பி, ஆர் உவா?"

மரியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சந்தோசமாகச் சொன்னான்:

"இவற்ர மூத்த மகள் அங்கிள்! பிறந்தது தொடக்கம் தகப்பனைக் காணாமல் தேடித் திரிஞ்சவா. இப்பத்தான் இவர் தன்ர வாயால ஒத்துக்கொண்டவர்!"